ஒத்தி வீட்டின் மூன்றில் ஒரு பங்கு

ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவன் சிறை போக முடியாது. அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி போய் நின்றால் ஜெயில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை வைத்துத்தான், லெந்து காலம் வந்தால், வக்கீல் சங்க அறையில் நண்பர் ஒருவர் என்னை மடக்குவார். "உங்க இயேசு ஊரார் பாவத்துக்கு எப்படிவே தண்டனை அனுபவிக்க முடியும்? எந்தக் கோர்ட் ஒத்துக்கிடும்?"

அவர் வம்புக்குக் கேட்பவர் அல்ல. கேள்வியும் பழையது, கனமானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்தில் வாழ்ந்த இத்தாலியர் ஃபாவுஸ்டோ சொசினி இதையேதான் கேட்டார். கடனை ஒருவருக்காக இன்னொருவர் கட்டலாம், தண்டனையைக் கைமாற்ற முடியாது. கடவுளுக்கு மன்னிக்க மனமிருந்தால் மன்னித்துவிட வேண்டியதுதானே, இடையில் சிலுவை எதற்கு என்றார். அவருக்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் சட்டக்காரர். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று நாம் படித்த ஹியூகோ குரோஷியஸ், 1617இல் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். உலகை ஆள்பவர் என்ற முறையில் கடவுளுக்குச் சட்டத்தைத் தளர்த்தும் அதிகாரம் உண்டு, ஆனால் தளர்த்தும்போது சட்டத்தின் மதிப்பு குலையக் கூடாது, அதனால் சிலுவை என்பது அவர் வாதம். கெட்டிக்கார வாதம்தான். ஆனாலும் என் மனம் அதில் நிறையவில்லை. நிறைந்தது 1990களின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் ஒரு வீட்டை ஒத்தியிலிருந்து திருப்பக் கேட்டுச் சப் கோர்ட்டில் நான் நடத்திய ஒரு சிவில் வழக்கில்.

குடும்பம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துபோனார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. ஒரு மகன், ஒரு மகள். ஆக, ஆளுக்கு மூன்றில் ஒன்று. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, 25 பவுன் பெற்றுக்கொண்டு தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். பவுன் பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் கழுத்துக்கு வரவில்லை. நர்ஸ் வேலையில் சேர்ந்து, கணவரோடு மதுரையில் குடியேறி, தன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகை சேர்த்துக்கொண்டாள்.

அண்ணன் வியாபாரம் செய்தார், நொடித்தார், குடித்தார். தாயாரையும் கையெழுத்துப் போடவைத்து, வீட்டை ஒரு மளிகை வியாபாரிக்கு 30,000 ரூபாய்க்குச் சுவாதீனத்தோடு ஒத்தி கொடுத்தார். பிறகு அதன் மேலேயே இன்னொரு 20,000. தாயும் மகனும் வாடகை வீட்டுக்குப் போனார்கள். வியாபாரி வீட்டை இடித்துக் கட்டாத குறையாகத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டு, மிச்சத்துக்கும் ஒரு விலை பேசி முடித்துவிடப் பார்த்தார். அண்ணனுக்கும் அதில் சம்மதம்தான்.

இந்த நிலையில் முதலில் என்னிடம் வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். கோயிலில் அந்தத் தாயாருக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவர் என்பதைத் தவிர வேறு உறவில்லை. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, கையில் பணம் இருந்தது. தாயாரிடம் கொடுக்கப் போனார். "ஊரார் காசுல வீட்டைத் திருப்பிட்டு நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்கு வர?" என்று அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டார். அதனால் தாமே தம் பெயரில் கோர்ட்டில் 50,000 ரூபாயைக் கட்டி, வீட்டை மீட்டு அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று வந்தார்.

அது நிற்காது என்று சொன்னேன். சொத்து மாற்றுச் சட்டத்தின் 83ஆம் பிரிவு ஒத்திப் பணத்தைக் கோர்ட்டில் கட்ட வழி செய்கிறது. ஆனால் அந்த உரிமை, மீட்புக்கு வழக்குப் போடத் தகுதியுள்ளவருக்கு மட்டும். அந்தத் தகுதி யாருக்கு என்பதை 91ஆம் பிரிவு சொல்கிறது: ஒத்தி வைத்தவர், அவருக்குப் பிணை நின்றவர், அந்தச் சொத்திலோ மீட்கும் உரிமையிலோ ஏதாவது ஒரு பாத்தியம் உள்ளவர். எந்தப் பாத்தியமும் இல்லாத மூன்றாம் மனிதர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், ஒத்திதாரர் அவரிடம் வாங்க வேண்டியதில்லை. அவருக்கு மனம் கேட்கவில்லை, மனுப் போட்டே தீரவேண்டும் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் ஆட்சேபித்தார்: மனுதாரர் யார்? மனு தள்ளுபடியாயிற்று. அந்தப் பெரியவர் கோர்ட் வராந்தாவில் நின்று, "கடன்காரனுக்குப் பணம் வேண்டாமா? பணம் இருக்கவன் குடுத்தா செல்லாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது.

சேதி மதுரைக்குப் போயிருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகள் வந்தாள். கையில் அந்த விடுதலைப் பத்திரத்தின் நகல். நான் படித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இந்த வீட்டுல இப்ப ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த வாத்தியாருக்கு இருக்க உரிமைதான் உங்களுக்கும்" என்றேன்.

"சம்பந்தம் வரணும்னா என்ன செய்யணும் சார்?"

இத்தனை வருஷத் தொழிலில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கடனிலிருந்து வெளியே வர வழி கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். உள்ளே போக வழி கேட்டவள் இவள் ஒருத்திதான்.

தாயார் தம் மூன்றில் ஒரு பங்கை இவளுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னேன். கூடவே எச்சரிக்கவும் செய்தேன். பங்கு வில்லங்கத்தோடுதான் வரும். குடியிருக்க முடியாது, வாடகை வராது. என் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளதைக் கட்டிவிடுகிறேன், அதை மட்டும் விடுங்கள் என்றும் கேட்க முடியாது. 60ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்காது, மீட்டால் முழுக் கடனையும் கட்டி மீட்க வேண்டும். இந்த நிமிஷம்வரை உங்களுக்கு ஒரு பைசா கடன் இல்லை, கையெழுத்துப் போட்ட மறுநிமிஷம் 50,000 ரூபாய் உங்கள் தலையில் ஏறும் என்றேன்.

அவள் யோசிக்கவில்லை. "அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கான். வெளிய நின்னு ரூவா நீட்டினா வாங்க மாட்டேங்குதாங்க. அப்ப உள்ள வந்துதானே சார் ஆவணும்?"

பிராது தயாரிக்க உட்கார்ந்த அன்றிரவு, கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் எழுதி முடித்த நூலை எடுத்தேன். கடவுள் ஏன் மனிதரானார் என்பதே அதன் தலைப்பு. அவர் கட்டும் தர்க்கம் இது: கடன் மனிதனுடையது, ஆகவே மனிதன்தான் கட்ட வேண்டும்; ஆனால் அவனால் கட்ட முடியாது. கட்ட முடிந்தவர் கடவுள் ஒருவர். ஆனால் அது அவருடைய கடன் அல்ல. ஆகவே, கட்டக் கடமைப்பட்டவராகவும் கட்ட வல்லவராகவும் ஒரே ஆள் வந்தாக வேண்டும். இதைக் கல்லூரி நாளில் படித்தபோது வெறும் கணக்கு மாதிரி இருந்தது. இப்போது என் மேஜை மேல் மூன்று பேரும் இருந்தார்கள். கடமைப்பட்ட அண்ணனிடம் பணம் இல்லை. பணம் உள்ள வாத்தியாருக்குப் பாத்தியம் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டுமென்றால், சுதந்தரமாக வெளியே இருந்த ஒருத்தி பாரமுள்ள பங்கைத் தானாக வாங்கிக்கொண்டு உள்ளே வரவேண்டியிருந்தது.

வேதத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரப்படி, வறுமையில் விற்ற நிலத்தை மீட்கும் உரிமை நெருங்கிய உறவினனுக்கு. ரூத்தின் கதையில் போவாஸ் ஊர் வாசலில் பத்து மூப்பர்களை உட்காரவைத்து, தன்னைவிடக் கிட்டின உறவினனை முதலில் கேட்கிறான். நிலத்தை மீட்க அந்த ஆள் சம்மதிக்கிறான். நிலத்தோடு ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், என் சொந்தச் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறான். சொத்தை மட்டும் மீட்க ஆள் கிடைக்கும். குடும்பத்தின் பாரத்தோடு சேர்த்து ஏற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. எபிரெயர் நிருபம் இரண்டாம் அதிகாரம் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதன் சாரமும் இதுதான்: பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருந்ததால் அவரும் அதில் பங்கெடுத்தார், அவர்களைச் சகோதரர் என்று அழைக்க வெட்கப்படவில்லை. மனித அவதாரம் என்பதை இரட்சிப்புக்கு ஒரு முன்னுரை போல நாம் கிறிஸ்துமஸோடு ஒதுக்கிவிடுகிறோம். எனக்குத் தோன்றுகிறபடி, மீட்கும் உரிமையே அங்கேதான் பிறக்கிறது. சொசினி கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. சம்பந்தமில்லாத ஒரு நிரபராதியைப் பிடித்து நீதிபதி தண்டித்தார் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. நீதிபதி தாமே எங்கள் குடும்பத்துக்குள் பங்காளியாக வந்து, எங்கள் கடனுக்குத் தாமே பொறுப்பானார் என்பதல்லவா சபை அறிக்கையிடும் விசுவாசம்?

எதிருரை வந்தது. அந்தச் செட்டில்மென்ட் பெயரளவுக்கு எழுதிய பத்திரம், அமலுக்கு வராதது. பின்னால் இருப்பது தலைமையாசிரியரின் பணம். வாதி வெறும் பினாமி. 1988ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டம் அப்போது புதிது, எல்லா எதிருரையிலும் அது ஏறிக்கொண்டிருந்த காலம். கிறிஸ்துவின் மேலும் இதே வாதம் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் மனிதரைப் போலத் தோன்றினார், உண்மையில் மனிதர் ஆகவில்லை, பாடுபட்டதும் தோற்றமே என்று சொன்னவர்கள் ஆதிச் சபையிலேயே இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமாபுரிக்குச் சாவுக்கு இழுத்துச் செல்லப்பட்ட வழியில் அந்தியோகியாவின் ஆயர் இக்னாசியஸ் எழுதிய கடிதங்களில் அவர்களோடு மல்லுக்கட்டுகிறார். அவர் உண்மையாகப் பிறந்தார், உண்மையாக உண்டார், குடித்தார், உண்மையாகச் செத்தார் என்று அடித்துச் சொல்கிறார். 451இல் கல்செதோன் சங்கம் முழுக் கடவுள், முழு மனிதர் என்று வரையறுத்தபோதும் காக்கப்பட்டது இதுதான். பத்திரம் போலியானால் மீட்பு கிடையாது.

நாங்கள் உண்மையை நிரூபித்தோம். வாதி கூண்டில் ஏறி, பி.எஃப். கடன் வாங்கிய உத்தரவையும் நகைக்கடைச் சீட்டையும் கொடுத்தாள். வாத்தியார் பணம் தர முன்வந்ததையும் தான் மறுத்ததையும் சொன்னாள். குறுக்கு விசாரணையில், "விடுதலை எழுதிக் கொடுத்துட்டுப் போன நீங்க திரும்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்கள். "எங்க அண்ணன் இருக்கானே" என்றாள். நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். வியாபாரி மராமத்துச் செலவு என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தார், பெரும்பாலானது தள்ளுபடி. முதல்நிலைத் தீர்ப்பாணை எங்களுக்குச் சாதகமாக வந்தது. 50,000 ரூபாயையும் அவள் கட்டினாள்.

இந்த இடத்தில் ஒப்பீட்டை நிறுத்த வேண்டும், ஏனென்றால் என் வழக்கில் ஒரு மளிகை வியாபாரி உண்டு. கடவுளின் காரியத்தில் அந்த இடத்தில் யார்? ஓரிகன் போன்ற பழைய ஆசிரியர்கள் சிலர் மீட்புப் பணம் சாத்தானுக்குக் கொடுக்கப்பட்டதாக எழுதினார்கள். சாத்தானுக்கு மனிதன் மேல் நியாயமான உரிமை எதுவும் கிடையாது என்று அதை மறுத்தவர் அன்செல்ம். நான் அன்செல்ம் பக்கம். திருடனுக்கு ஒத்திப் பத்திரம் கிடையாது.

வீடு மீண்டது. அடுத்துச் செய்ய வேண்டியதை நான் வழக்கம்போலச் செய்தேன். கூட்டுப் பங்காளி ஒருவர் முழு ஒத்தியையும் மீட்டால், 92ஆம் பிரிவுப்படி மற்றவர் பங்கைப் பொறுத்தவரை ஒத்திதாரரின் இடத்தில் அவர் நிற்கலாம். அண்ணனின் பங்கு மூன்றில் இரண்டு. அவர் 33,333 ரூபாய் கொடுக்கும்வரை அந்தப் பங்கின் மேல் தங்கைக்குப் பாத்தியம். நோட்டீஸ் தயாரித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். படித்தாள். மடித்து என் மேஜையிலேயே வைத்தாள். "இதுக்கா சார் நான் உள்ள வந்தேன்?" அண்ணனிடம் எனக்குக் கோருவதற்கு எதுவும் இல்லை என்று ஒரு மெமோ போடச் சொன்னாள். நகை தராமல் ஏமாற்றியவர், வழக்கு முழுக்க எக்ஸ்பார்ட்டியாகக் கிடந்தவர், எதிரியோடு விலை பேசியவர். அவருக்கு.

அதுவரை கோர்ட் பக்கம் வராத அண்ணன் இப்போது வந்தார், கோபத்தோடு. மஞ்சள் பையிலிருந்து பத்து ரூபாய்க் கட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். 2,000 ரூபாய். "மாசா மாசம் கட்டிருதேன். ரசீது போடுங்க. ஓசியில குடியிருக்க நான் என்ன பிச்சைக்காரனா?" நான் மதுரைக்குப் போன் போட்டேன். அவள் சொன்ன பதிலை அவரிடம் சொன்னேன்: நான் கணக்கே எழுதவில்லை, எழுதாத கணக்கில் எப்படி வரவு வைப்பது? அவர் பணத்தை அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். மீண்ட வீட்டுக்குத் தாயார் தனியாகக் குடிபோனார். மகன் போகவில்லை.

என் சீனியர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஸ்ரீவைஷ்ணவர், தென்கலை. சங்கதியைக் கேட்டுவிட்டு, "குரங்குக் குட்டிதான் தாயைப் பிடிச்சுக்கணும், பூனைக்குட்டிக்கு அந்த வேலையும் இல்லைங்கறது எங்க சம்பிரதாயம். உங்க கட்சிக்காரர் பூனைக்குட்டி, ஆனா தாயைக் கடிக்கறார்" என்றார். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகத்தை அத்தனை உருக்கத்தோடு எழுத முடிந்ததற்கு இந்த மண்ணில் முன்பே அருளைப் பற்றி இவ்வளவு ஆழமாக யோசித்திருந்ததும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இலவசம் என்றால் எல்லாரும் ஓடிவந்து வாங்குவார்கள் என்பது தவறான எண்ணம். சின்ன இலவசத்துக்குத்தான் கூட்டம் வரும். உயிரையே கொடுக்கிற இலவசத்தை வாங்க மனுஷனுக்குக் கூசுகிறது. பாதியாவது நான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ரசீது வேண்டியிருக்கிறது. அகஸ்டின் பெலாகியுவோடு வாதாடியதும், லூத்தர் துறவு மடத்தில் தவித்ததும் இந்த ரசீதை வைத்துத்தான். லுத்தரன் சபைகளும் ரோமன் கத்தோலிக்கச் சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையில், மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவனாவது அவன் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே என்று சேர்ந்து சொல்ல நூற்றாண்டுகள் ஆயின. அப்படியானால் விசுவாசம் என்ன? நம் சட்டத்தின் 122ஆம் பிரிவு தானம் செல்லுபடியாக வாங்குபவரிடம் கேட்பது ஏற்பு ஒன்றைத்தான். அந்த ஏற்பு விலையில் சேராது. ஆனால் அது இல்லாமல் தானம் முடிவதும் இல்லை.

சில மாதம் கழித்து அண்ணன் மறுபடி வந்தார், இந்தத் தடவை நிதானமாக. வழக்குக் கட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். நகைக்கடைச் சீட்டின் நகலில் நின்றுவிட்டார். ஒரு சங்கிலி, இரண்டு ஜோடி வளையல். தான் கொடுக்காத பவுனுக்குப் பதிலாகத் தங்கை தானே உழைத்துச் சேர்த்தது அது என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "அவ எதை வித்தான்னு நான் கேக்கவே இல்லையே சார்" என்றார். பிறகு மெமோவின் கீழே, ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே வீட்டுக்குக் குடிபோனார்.

வக்கீல் சங்க அறை நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசிக் கேள்வி போட்டார். வியாபாரியே போனால் போகிறது என்று கடனைத் தள்ளியிருந்தால்? தங்கச்சி உள்ளே வந்து கஷ்டப்பட்டிருக்க வேண்டாமே?

கடன் தீர்ந்திருக்கும். அண்ணன் அடுத்த வருஷமே வீட்டை வேறு ஆளிடம் ஒத்தி வைத்திருப்பார். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ், மனித அவதாரம் பற்றிய தம் நூலில், வெறும் மனந்திரும்புதலும் மன்னிப்பும் ஏன் போதாது என்று கேட்டு இதையேதான் விளக்குகிறார்: கேடு மனித இயல்புக்குள்ளேயே இறங்கிவிட்டது, ஆகவே உயிர் கொடுப்பவர் அந்த இயல்புக்குள்ளேயே வந்தாக வேண்டும். சென்னையில் வக்கீலாக இருந்து 1941இல் மேயரும் ஆன வி.சக்கரைச் செட்டியார், இயேசுவை அவதாரம் என்று அழைத்து எழுதிய நூலில் இன்னும் ஒரு படி போகிறார். இந்த அவதாரம் காரியம் முடிந்ததும் கலைந்துபோவதல்ல, உயிர்த்தெழுந்த பிறகும் அவர் மனிதராகவே நிற்கிறார் என்கிறார். நம் தொழில்காரர் எழுதியது என்பதால் சொல்லவில்லை, நான் படித்தவற்றில் மிகத் தெளிவான இடம் அது. தங்கையும் வீட்டை மீட்டபின் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறவில்லை. மூன்றில் ஒரு பங்கு அவள் பெயரிலேயே நின்றது. அவள் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை முழுசாக யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது.

அண்ணன் திருந்தினாரா என்று கேட்டால், உடனே இல்லை. குடிக்குத் திரும்பினார், மீண்டார், மறுபடி விழுந்தார். ஒவ்வொரு தடவையும் மதுரையிலிருந்து பஸ் பிடித்து அவள் வந்தாள். இடையில் ஒரு நாள் ஒரு வட்டிக்காரர் அவரை என் அலுவலகத்துக்கே அழைத்துவந்து, வீட்டின் பேரில் ஒரு பத்திரம் எழுத வேண்டும் என்றார். நான் வாய் திறக்கும் முன் அண்ணனே சொல்லிவிட்டார், "அது எனக்கு மட்டும் உள்ள வீடு இல்ல, என் தங்கச்சியும் அதுல இருக்கா."